இணைப்புக் கருவிகளின் பாதுகாப்புத் தணிக்கை

இணைப்புக் கருவிகளின் பாதுகாப்புத் தணிக்கை என்பது, இணையத்துடனோ உள்ளக வலையமைப்புடனோ இணைக்கப்பட்ட கருவிகள் அந்நியர் நுழைவுக்கு எந்த அளவுக்கு இடங்கொடுக்கின்றன என்பதை முறையாக ஆராய்ந்து பதிவு செய்யும் பணி ஆகும். திசைவிகள், கண்காணிப்புக் கேமராக்கள், அச்சுப்பொறிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், மருத்துவக் கருவிகள், தொழிற்சாலைக் கட்டுப்படுத்திகள், வாகனங்கள் முதலியன இத்தகைய கருவிகளுள் அடங்கும். இவற்றின் தொகுதி பொருட்களின் இணையம் என்றும் அழைக்கப்படுகிறது.

இத்தணிக்கை பெரும்பாலும் கட்டளைவரி நிரல்களைக் கொண்டு செய்யப்படுகிறது. என்மேப், டிசிபிடம்ப், ஓப்பன்எஸ்எஸ்எல், பின்வாக் ஆகியவை இதற்குப் பயன்படும் முதன்மையான திறந்த மூல மென்பொருள்கள் ஆகும். ஒரு கருவியின் அமைப்புப் பக்கம், உற்பத்தியாளர் காட்ட விரும்பியதை மட்டுமே காட்டும். கட்டளைவரித் தணிக்கையோ கருவியையே நேரடியாக வினவி, அது தரும் மறுமொழியைப் பதிவு செய்கிறது. இவ்விரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது என்பதை 2016ஆம் ஆண்டில் பரவிய மிராய் என்னும் தீநிரல் வெளிப்படுத்தியது.

பின்னணி

இணைப்புக் கருவி ஒவ்வொன்றும் ஒரு சிறு கணினியே. அவற்றுள் பல லினக்சு கருவையும், பிசிபாக்ஸ் என்னும் சிறு நிரல் தொகுப்பையும் கொண்டு இயங்குகின்றன. ஆயினும் மேசைக் கணினியிலிருந்து இவை மூன்று வகைகளில் வேறுபடுகின்றன. முதலாவதாக, பலவற்றில் திரையோ விசைப்பலகையோ இல்லை. ஆகவே உள்ளே என்ன இயங்குகிறது என்பதைப் பயனர் பார்க்க இயலாது. இரண்டாவதாக, இவை பல ஆண்டுகள் அணைக்கப்படாமல் இயங்குகின்றன. மூன்றாவதாக, இவற்றின் மென்பொருளை இற்றைப்படுத்தும் பொறுப்பு உற்பத்தியாளரிடம் உள்ளது. உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திய பின்னரும் கருவி தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கும்.

வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. அம்முகவரியில் போர்ட் எனப்படும் வாயில்கள் உள்ளன. வாயில் எண்கள் 16 பிட்டு அளவின. எனவே 0 முதல் 65,535 வரை எண்கள் அமைகின்றன. டிசிபி, யுடிபி ஆகிய இரு நெறிமுறைகளுக்கும் தனித்தனி வாயில்கள் உண்டு. ஒரு சேவை ஒரு வாயிலில் காத்திருந்து, அங்கு வரும் வேண்டுகோள்களுக்கு மறுமொழி தருகிறது. பயன்படாத சேவை ஒன்று திறந்த வாயிலில் காத்திருப்பது, பூட்டப்படாத பின்கதவுக்கு ஒப்பாகும்.

வரலாறு

வலையமைப்பில் செல்லும் தரவுப் பொதிகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் என்ற நிரல் 1988இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. 1995 ஏப்ரலில் டான் ஃபார்மர், வீட்சே வெனெமா ஆகியோர் சாத்தான் என்ற தணிக்கை மென்பொருளை இலவசமாக வெளியிட்டனர். பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் கருவியைப் பொதுமக்களுக்கு வழங்குவது சரியா என்ற விவாதம் அப்போது எழுந்தது. அதன் பெயரை விரும்பாதோர் பெயரைச் சாந்தா என மாற்றிக்கொள்ள ஒரு துணை நிரலும் அதனுடன் வழங்கப்பட்டது.

1997 செப்டம்பரில் ஃபியோதர் என்ற புனைபெயர் கொண்ட கார்டன் லயன், ஃபிராக் என்னும் மின்னிதழின் 51ஆம் இதழில் என்மேப் நிரலை வெளியிட்டார். தொலைவில் உள்ள கணினியின் இயங்குதளத்தைக் கண்டறியும் வசதி 1998இலும், சேவைகளின் பதிப்பைக் கண்டறியும் வசதி 2003இலும் இதில் சேர்க்கப்பட்டன. பின்னர் லுவா மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல்களை இயக்கும் பொறியும் இணைக்கப்பட்டது. 2003இல் வெளிவந்த தி மேட்ரிக்ஸ் ரீலோடட் திரைப்படத்தில் ஒரு கதைமாந்தர் என்மேப் நிரலை இயக்கும் காட்சி இடம்பெற்றது.

1998இல் ரெனோ டெரேசோன் தொடங்கிய நெசஸ் என்ற தணிக்கை மென்பொருள் 2005இல் மூடிய மூல மென்பொருளாக மாற்றப்பட்டது. அதன் முந்தைய மூல நிரலிலிருந்து ஓப்பன்வாஸ் கிளைத்தது. கருவிகளின் நிலைபொருளைப் பிரித்துப் பார்க்க உதவும் பின்வாக் நிரலைக் கிரெய்க் ஹெஃப்னர் 2010இல் வெளியிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சீமேப், விரைவான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து, உலகின் ஐபி நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்தையும் ஒரு வாயிலுக்காக 45 நிமிடங்களுக்குள் வருடியது. அதன் பின்னர், சிறிய முகவரி ஒன்றில் யாரும் கவனிக்காமல் இருந்துவிடலாம் என்ற எண்ணத்திற்கு அடிப்படை இல்லாமல் போயிற்று.

கட்டளைவரி பயன்படும் காரணங்கள்

தணிக்கையில் வரைகலை இடைமுகத்தை விடக் கட்டளைவரி விரும்பப்படுவதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

* இடப்பட்ட கட்டளையை அப்படியே எழுதி வைக்கலாம். அதே கட்டளையை ஆறு மாதம் கழித்து இட்டு, முடிவுகளை ஒப்பிடலாம்.
* ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலுக்கு உள்ளீடாகத் தரலாம். நூறு கேமராக்களைச் சோதிக்க நூறு முறை சொடுக்க வேண்டியதில்லை.
* திரை இல்லாத கருவியின் உள்ளே நுழைந்து பார்க்க ஷெல் எனப்படும் கட்டளை இடைமுகமே பெரும்பாலும் ஒரே வழியாக உள்ளது.
* எந்தப் பொதி அனுப்பப்பட்டது, என்ன மறுமொழி வந்தது என்பது மறைக்கப்படாமல் தெரிகிறது.

தணிக்கையின் படிகள்

எல்லை வகுத்தல்

எந்தெந்த முகவரிகள், எந்தெந்தக் கருவிகள், எந்த நேரம், எவ்வகைச் சோதனைகள் என்பன முதலில் எழுத்தில் வரையறுக்கப்படுகின்றன. கருவியின் உரிமையாளரிடம் எழுத்துவழி அனுமதி பெறுவது இப்படியின் முதன்மையான பகுதியாகும். வாடகைக்குப் பெற்ற கருவி, இணையச் சேவை வழங்குநர் தந்த திசைவி, மேகக் கணிமை வழங்கி ஆகியவற்றுக்கு உரிமையாளர் வேறொருவராக இருக்கக்கூடும்.

கருவிகளைக் கண்டறிதல்

தமது வலையமைப்பில் எத்தனை கருவிகள் உள்ளன என்பதை உரிமையாளர் முழுமையாக அறிந்திருப்பார் என்று கொள்ளக்கூடாது. என்மேப் நிரலில் சிற்றெழுத்து எஸ், என் சேர்ந்த விருப்பம், வாயில்களை வருடாமல் கருவிகளை மட்டும் பட்டியலிடும். எடுத்துக்காட்டாக 192.168.1.0/24 என்ற வரம்பைத் தந்தால் 256 முகவரிகளும் சோதிக்கப்படும். ஒரே உள்ளக வலையமைப்பில் இருக்கும்போது இது ஏஆர்பி வேண்டுகோள்களைப் பயன்படுத்துகிறது. மறுமொழியில் வரும் மேக் முகவரியின் முதல் 24 பிட்டுகள் பொதுவாக வலையமைப்பு அட்டையின் உற்பத்தியாளரைக் குறிக்கும். இதனைக் கொண்டு, பெயர் தெரியாத முகவரி ஒன்று கேமராவா அச்சுப்பொறியா என ஊகிக்க இயலும். கைபேசிகள் தற்போது தற்செயலான மேக் முகவரிகளைப் பயன்படுத்துவதால், அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

வாயில் வருடல்

கருவியின் வாயில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது வாயில் வருடல் எனப்படும். டிசிபி இணைப்பு மூன்று படிகளில் அமைகிறது. முதலில் சின் என்ற பொதி அனுப்பப்படும்; மறுமுனை சின்-அக் என்ற பொதியைத் திருப்பி அனுப்பும்; இறுதியாக அக் என்ற பொதி அனுப்பப்படும். சின் வருடலில் முதற்பொதி மட்டும் அனுப்பப்படுகிறது. அதற்கு வரும் மறுமொழிக்கு ஏற்ப வாயிலின் நிலை அறியப்படுகிறது.

* சின்-அக் வந்தால் வாயில் திறந்துள்ளது.
* ஆர்எஸ்டி என்ற பொதி வந்தால் வாயில் மூடியுள்ளது. ஆனால் கருவி இயங்குகிறது.
* மறுமொழியே வராவிட்டால் இடையில் தீச்சுவர் ஒன்று பொதியைத் தடுத்திருக்கலாம். இது வடிகட்டப்பட்ட நிலை எனப்படும்.

சின் வருடலுக்கு நிர்வாகி உரிமை தேவை. அவ்வுரிமை இல்லாத பயனர் இயக்கினால், என்மேப் இணைப்பை முழுமையாக ஏற்படுத்தும் முறையைப் பயன்படுத்தும்.

விருப்பம் எதுவும் தராவிட்டால் என்மேப் மிகுதியாகப் பயன்படும் 1,000 டிசிபி வாயில்களை மட்டுமே வருடும். இணைப்புக் கருவிகளில் வழக்கத்திற்கு மாறான வாயில்களில் சேவைகள் இயங்குவதால், தணிக்கையில் அனைத்து வாயில்களையும் வருடும்படி கேட்பது வழக்கம். யுடிபி வாயில்களைத் தனியே வருட வேண்டும். இது மிக மெதுவாக நடைபெறும். மூடிய வாயிலுக்கான அறிவிப்பை வினாடிக்கு ஒன்று என்ற அளவில் மட்டும் அனுப்பும் கருவியில் எல்லா யுடிபி வாயில்களையும் வருட 18 மணி நேரத்திற்கு மேலாகும். ஆகவே முக்கியமான சில யுடிபி வாயில்களைத் தேர்ந்து சோதிப்பது நடைமுறையாக உள்ளது.

இணைப்புக் கருவிகளில் அடிக்கடி காணப்படும் வாயில்கள் பின்வருமாறு.

* 22: எஸ்எஸ்எச். மறையீடு செய்யப்பட்ட தொலை நுழைவு.
* 23, 2323: டெல்நெட். மறையீடு இல்லாத தொலை நுழைவு. கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்லும்.
* 80, 443: வலைப்பக்க வடிவிலான அமைப்புப் பக்கம்.
* 161 யுடிபி: எஸ்என்எம்பி. வலையமைப்பு மேலாண்மை.
* 554: ஆர்டிஎஸ்பி. கேமராவின் நிகழ்படம்.
* 1883: எம்கியூடிடி. உணரிகளின் செய்திப் பரிமாற்றம். மறையீடு செய்யப்பட்ட வடிவத்திற்கு 8883.
* 1900 யுடிபி: யுபிஎன்பி நெறிமுறையின் கருவி அறிவிப்பு.
* 5555: ஆண்ட்ராய்டு கருவிகளில் உருவாக்குநருக்கான பிழைதிருத்த இடைமுகம்.
* 7547: சேவை வழங்குநர் திசைவியைத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்யும் வாயில்.

சேவைகளை அடையாளம் காணல்

வாயில் எண் என்பது ஒரு மரபு மட்டுமே. எந்தச் சேவையும் எந்த வாயிலிலும் இயங்கலாம். எனவே திறந்த வாயிலுடன் தொடர்பு கொண்டு, மறுமுனையில் இருப்பது யாது எனக் கேட்டறிய வேண்டும். என்மேப் நிரலில் சிற்றெழுத்து எஸ், பேரெழுத்து வி சேர்ந்த விருப்பம் இதனைச் செய்கிறது. சேவை தரும் மறுமொழியைத் தன்னிடமுள்ள மாதிரிகளுடன் ஒப்பிட்டு, மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் அது தெரிவிக்கும். அப்பதிப்பில் ஏற்கெனவே அறியப்பட்ட ஓட்டைகள் உள்ளனவா என்பதைப் பொதுவில் உள்ள சிவிஇ பட்டியலில் தேடலாம்.

விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட ஒரு கேமராவின் மாதிரி முடிவு கீழே தரப்பட்டுள்ளது.

* 23: திறந்துள்ளது, டெல்நெட், பிசிபாக்ஸ்
* 80: திறந்துள்ளது, வலை வழங்கி
* 554: திறந்துள்ளது; ஆர்டிஎஸ்பி
* எஞ்சிய 65,532 வாயில்கள்: மூடியுள்ளன

கேமராவின் பணிக்கு 80, 554 ஆகியவை தேவைப்படலாம். 23ஆம் வாயில் திறந்திருப்பதற்கான காரணத்தை அமைப்புப் பக்கத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. தணிக்கையில் விடை காண வேண்டிய வினா இதுவே.

கடவுச்சொல் சோதனை

தொழிற்சாலையில் இடப்பட்ட பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்பட்டுள்ளனவா என்பது அடுத்துச் சோதிக்கப்படுகிறது. இதற்கு முழுப் பட்டியலையும் தானியங்கியாக முயல வேண்டியதில்லை. கருவியின் கையேட்டில் அச்சிடப்பட்டுள்ள இணையை ஒவ்வொரு சேவையிலும் ஒருமுறை இட்டுப் பார்ப்பதே போதுமான தொடக்கமாகும். ஒவ்வொரு சேவையிலும் தனித்தனியே சோதிப்பது இன்றியமையாதது. வலைப்பக்கத்தின் கடவுச்சொல்லும் டெல்நெட்டின் கடவுச்சொல்லும் வேறாக இருக்கக்கூடும். ஒன்றை மாற்றினால் மற்றது மாறும் என்பதற்கு உறுதியில்லை.

மறையீட்டையும் போக்குவரத்தையும் ஆராய்தல்

ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பின் எஸ்-கிளையண்ட் என்ற துணைக்கட்டளை, கருவியின் பாதுகாப்பான வாயிலுடன் இணைந்து அதன் சான்றிதழ், காலாவதி நாள், மறையீட்டு நெறிமுறையின் பதிப்பு ஆகியவற்றைக் காட்டும். டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பதிப்புகள் 2021 மார்ச்சில் இணையப் பொறியியல் செயற்குழுவால் கைவிடப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. அவற்றை மட்டும் ஏற்கும் கருவி குறைபாடுடையதாகப் பதிவு செய்யப்படும்.

கருவி தானாக யாருடன் தொடர்பு கொள்கிறது என்பதை டிசிபிடம்ப் கொண்டு அறியலாம். நிலைமாற்றி ஒன்றில் இணைந்த கணினிக்குப் பிற கருவிகளின் பொதிகள் பொதுவாக வந்து சேரா. எனவே இந்நிரலைத் திசைவியிலேயே இயக்குவர்; அல்லது சோதிக்கும் கணினியையே கம்பியில்லா அணுகுமுனையாக அமைத்து, கருவியை அதனூடாக இணையத்திற்கு அனுப்புவர். பொதிகள் ஒரு கோப்பில் சேமிக்கப்பட்டு, கடவுச்சொல்லோ நிகழ்படமோ மறையீடின்றிச் செல்கிறதா எனப் பின்னர் ஆராயப்படும்.

நிலைபொருளை ஆராய்தல்

உற்பத்தியாளர் வெளியிடும் நிலைபொருள் கோப்பைத் தரவிறக்கி, கருவியைத் தொடாமலேயே ஆராயலாம். பின்வாக் நிரல், கோப்பின் உள்ளே அறியப்பட்ட வடிவங்களின் தொடக்கக் குறிகளைத் தேடி, அவற்றைப் பிரித்தெடுக்கிறது. ஸ்குவாஷ்எஃப்எஸ் எனப்படும் சுருக்கப்பட்ட கோப்பு முறைமை பெரும்பாலும் கிடைக்கும். அதனுள் கடவுச்சொல் கோப்பு, தனி மறைத்திறவிகள், தொடக்கத்தில் இயங்கும் சேவைகளின் பட்டியல் ஆகியவை தேடப்படுகின்றன. ஒரே மறைத்திறவி நிலைபொருளில் பதிக்கப்பட்டிருந்தால், அதே வகைக் கருவிகள் அனைத்துக்கும் அத்திறவி பொதுவாகிவிடும். நிலைபொருள் முழுவதும் மறையீடு செய்யப்பட்டிருந்தால் இம்முறை பயன்படாது.

அறிக்கையும் மறுதணிக்கையும்

ஒவ்வொரு கண்டறிவும் அதனைக் காட்டிய கட்டளையுடனும் நாளுடனும் பதிவு செய்யப்படுகிறது. என்மேப் முடிவுகளை எக்ஸ்எம்எல் உள்ளிட்ட வடிவங்களில் சேமிக்கலாம். அதனுடன் வரும் என்டிஃப் என்ற நிரல், இரு வருடல்களை ஒப்பிட்டு, அவற்றிடையே உள்ள வேறுபாடுகளைக் காட்டும். நிலைபொருள் இற்றைப்படுத்தலுக்குப் பின், மூடப்பட்ட சேவை மீண்டும் திறந்துகொள்வதும் உண்டு என்பதால் மறுதணிக்கை தேவையாகிறது.

அறியப்பட்ட நிகழ்வுகள்

கார்னா

2012இல் பெயர் வெளியிடாத ஒருவர், கடவுச்சொல் இல்லாத அல்லது தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத சுமார் 4,20,000 கருவிகளில் தமது நிரலைப் புகுத்தி, அவற்றைக் கொண்டே இணையம் முழுவதையும் வருடினார். முடிவுகள் 2013 மார்ச்சில் வெளியிடப்பட்டன. உரிமையாளர் அனுமதியின்றிச் செய்யப்பட்டதால் இது பல நாடுகளின் சட்டப்படி குற்றமாகும். எனினும் எச்சரிக்கை தெளிவாகவே இருந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் நிலைமை போதிய அளவு மாறவில்லை என்பதை மிராய் காட்டியது.

மிராய்

மிராய் 2016 ஆகஸ்டில் கண்டறியப்பட்டது. இது 23, 2323 ஆகிய வாயில்களில் டெல்நெட் சேவையைத் தேடி, தன்னிடமிருந்த அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை முயன்றது. புதிய பாதுகாப்பு ஓட்டை எதனையும் அது பயன்படுத்தவில்லை. மேலே விளக்கப்பட்ட வாயில் வருடல், கடவுச்சொல் சோதனை ஆகிய இரு எளிய படிகளையே அது தானியங்கியாகச் செய்தது. வேறுவகையில் கூறினால், உரிமையாளர்கள் செய்யாமல் விட்ட தணிக்கையைத் தாக்குநர்கள் செய்து முடித்தனர்.

2016 செப்டம்பர் 20 அன்று பாதுகாப்பு இதழியலாளர் பிரையன் கிரெப்சின் தளத்தின் மீது வினாடிக்குச் சுமார் 620 கிகாபிட் அளவிலான சேவை மறுப்புத் தாக்குதல் நிகழ்ந்தது. அம்மாத இறுதியில் மிராயின் மூல நிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. அக்டோபர் 21 அன்று டைன் என்ற களப்பெயர்ச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டதால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் உள்ளிட்ட தளங்களைப் பலர் அணுக இயலவில்லை. நவம்பர் இறுதியில், 7547ஆம் வாயிலைத் தாக்கிய மிராயின் திரிபு ஒன்றால் ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 9 இலட்சம் வாடிக்கையாளர்களின் திசைவிகள் செயலிழந்தன. உச்ச நிலையில் சுமார் 6 இலட்சம் கருவிகள் மிராயின் பிடியில் இருந்ததாக 2017இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கணித்தது. மிராயை உருவாக்கிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கியது; கருவியை அணைத்து இயக்கினால் நீங்கிவிடும். ஆனால் கடவுச்சொல் மாறாவிட்டால் விரைவிலேயே மீண்டும் தொற்றியது. பாதிக்கப்பட்ட சில கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் டெல்நெட் கடவுச்சொல் நிலைபொருளிலேயே பதிக்கப்பட்டிருந்தது. அமைப்புப் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றிய பயனரும் அவற்றில் பாதுகாப்பாக இருக்கவில்லை. தமது கருவியின் 23ஆம் வாயிலைத் தாமே தட்டிப் பார்த்தவர் மட்டுமே அதனை அறிந்திருக்க முடியும்.

ஜீப் செரோக்கி

2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் ஆகிய ஆய்வாளர்கள் ஜீப் செரோக்கி வாகனத்தின் பொழுதுபோக்குக் கருவியில் 6667ஆம் வாயில் திறந்திருப்பதைக் கண்டனர். மரபுப்படி அது ஐஆர்சி என்ற உரையாடல் சேவைக்குரிய எண். ஆராய்ந்தபோது, கருவியின் உள் நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் டி-பஸ் என்ற சேவையே அங்குக் கடவுச்சொல் இன்றி இயங்கியது தெரியவந்தது. அவ்வாயிலைக் கைபேசி வலையமைப்பின் வழியாகவும் அணுக முடிந்தது. அதிலிருந்து தொடங்கி, ஓடும் வாகனத்தின் இயக்கத்தில் தலையிடும் அளவுக்கு அவர்கள் முன்னேறினர். இதையடுத்து ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 2015 ஜூலையில் சுமார் 14 இலட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது.

டி-லிங்க் திசைவிகள்

2013 அக்டோபரில் கிரெய்க் ஹெஃப்னர், டி-லிங்க் நிறுவனத்தின் டிஐஆர்-100 திசைவியின் நிலைபொருளைப் பிரித்து ஆராய்ந்தார். உலாவி தன்னை ஒரு குறிப்பிட்ட எழுத்துச் சரத்தால் அறிமுகம் செய்துகொண்டால், திசைவி கடவுச்சொல் கேட்காமல் அமைப்புப் பக்கத்தைத் திறந்தது. அச்சரத்தைத் தலைகீழாகப் படித்தால் பின்வாசல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அதில் இருந்தது. வாயில் வருடல் மட்டும் செய்திருந்தால் இது வெளிப்பட்டிராது.

வரம்புகளும் இடர்களும்

வருடல் எல்லா நிலைகளிலும் தீங்கற்றதன்று. பழைய, வளம் குறைந்த கருவிகள் எதிர்பாராத பொதிகளைப் பெற்றதும் செயலிழக்கக்கூடும். அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் 800-82 எண் கொண்ட வழிகாட்டி இத்தகைய நிகழ்வுகளைக் குறிப்பிடுகிறது. ஒரு வலையமைப்பில் இயங்கும் கருவிகளைக் கண்டறியப் பிங் பொதிகள் அனுப்பப்பட்டபோது, காத்திருப்பு நிலையில் இருந்த 9 அடி நீள எந்திரக்கை ஒன்று இயங்கத் தொடங்கி 180 பாகை சுழன்றது. ஆகவே மருத்துவமனை, தொழிற்சாலை ஆகியவற்றின் கருவிகளைப் பயன்பாட்டில் இல்லாதபோது அல்லது தனியே அமைத்த மாதிரியில் சோதிப்பதே ஏற்கப்பட்ட முறையாகும்.

உள்ளக வலையமைப்பிலிருந்து பார்ப்பதும் இணையத்திலிருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. திசைவிக்குப் பின்னால் உள்ள கருவி, யுபிஎன்பி நெறிமுறை மூலம் திசைவியிடம் கேட்டு, தனக்கென ஒரு வெளிவாயிலைத் திறந்துகொள்ளக்கூடும். இணையத்தை நோக்கி யுபிஎன்பி சேவையைத் திறந்து வைத்திருந்த 8 கோடிக்கு மேற்பட்ட முகவரிகளை ரேபிட்7 நிறுவனத்தின் ஆய்வு 2013இல் கண்டறிந்தது. இரு பக்கங்களிலிருந்தும் வருடினாலே முழுமையான படம் கிடைக்கும். ஐபி ஆறாம் பதிப்பில் ஓர் உள்ளக வலையமைப்புக்கே பொதுவாக 64 பிட்டு அளவு முகவரி வெளி இருப்பதால், எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்க இயலாது. வேறு முறைகளால் கருவிகளைக் கண்டறிய வேண்டும்.

திறந்த வாயில் இல்லாமை பாதுகாப்புக்குச் சான்றாகாது. உற்பத்தியாளரின் மேக வழங்கியுடன் கருவியே தொடர்பு கொள்ளும் அமைப்பில், ஓட்டை அவ்வழங்கியில் இருக்கலாம். அதனைச் சோதிக்க அவ்வழங்கியின் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும்.

சட்ட நிலை

தணிக்கையாளரும் தாக்குநரும் ஒரே நிரலையே பயன்படுத்துகின்றனர். இருவரையும் வேறுபடுத்துவது அனுமதியே. அனுமதியின்றிப் பிறர் கணினியை அணுகுவது பல நாடுகளில் குற்றமாகும்.

* இந்தியா: தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. இதன் 43, 66ஆம் பிரிவுகளின்படி, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்குடன் அனுமதியின்றிக் கணினியை அணுகுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.
* இலங்கை: 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம்.
* மலேசியா: கணினிக் குற்றங்கள் சட்டம், 1997.
* சிங்கப்பூர்: கணினித் துர்ப்பயன்பாட்டுச் சட்டம், 1993.
* ஐக்கிய இராச்சியம்: கணினித் துர்ப்பயன்பாட்டுச் சட்டம், 1990.

மாணவர்கள் தமக்குச் சொந்தமான கருவியில் பயில்வது பொருத்தமானது. என்மேப் திட்டம், பயில்வோர் அளவோடு வருடிப் பார்ப்பதற்கென்றே தனது வழங்கி ஒன்றைப் பொதுவில் திறந்து வைத்துள்ளது. கண்டறிந்த ஓட்டையை முதலில் உற்பத்தியாளருக்குத் தெரிவித்து, திருத்தக் காலம் அளித்துப் பின்னர் வெளியிடுவது பொறுப்பான வெளிப்படுத்தல் எனப்படுகிறது. உற்பத்தியாளரிடமிருந்து மறுமொழி கிடைக்காதபோது இந்தியாவில் செர்ட்-இன், இலங்கையில் இலங்கை செர்ட் ஆகிய அமைப்புகளிடம் தெரிவிக்கலாம்.

தரநிலைகள்

ஓவாஸ்ப் அமைப்பு 2018இல் வெளியிட்ட பொருட்களின் இணையத்திற்கான பத்து முதன்மைக் குறைபாடுகளின் பட்டியலில், எளிதில் ஊகிக்கத்தக்க அல்லது நிலைபொருளில் பதிக்கப்பட்ட கடவுச்சொற்கள் முதலிடத்தையும், பாதுகாப்பற்ற வலையமைப்புச் சேவைகள் இரண்டாமிடத்தையும் பெற்றன. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 303 645 இன் முதல் பதிப்பு 2020 ஜூனில் வெளியானது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தொழிற்சாலைக் கடவுச்சொல் கூடாது என்பது அதன் முதல் விதியாகும்.

கலிபோர்னியா மாநிலத்தின் இணைப்புக் கருவிச் சட்டம் 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் 2020 அக்டோபரில் பாதுகாப்புத் தர முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. ஐக்கிய இராச்சியத்தில் பொதுவான தொழிற்சாலைக் கடவுச்சொற்களைத் தடை செய்யும் சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் கண்காணிப்புக் கேமராக்களுக்கான கட்டாயப் பாதுகாப்புச் சோதனை விதிகள் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் செயலுக்கு வந்தது; அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும்.

இச்சட்டங்கள் புதிதாக விற்கப்படும் கருவிகளுக்கே பெரும்பாலும் பொருந்துவன. ஏற்கெனவே வீடுகளிலும் அலுவலகங்களிலும் இயங்கிவரும் கருவிகளைப் பொறுத்தவரை, உரிமையாளர் தாமே செய்யும் அல்லது செய்விக்கும் தணிக்கையே அவற்றின் நிலையை அறியும் வழியாக உள்ளது.

இவற்றையும் பார்க்க

* பொருட்களின் இணையம்
* கணினிப் பாதுகாப்பு
* தீநிரல்
* சேவை மறுப்புத் தாக்குதல்
* தீச்சுவர்
* கட்டற்ற மென்பொருள்